சுவரைப் பார்த்துப் படுத்தவர்

"டாக்டர், இவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ஜன்னலைத் திறந்து வெச்சுடுங்க!"

மனைவி இப்படிச் சொன்னதும், பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்த கணவர் அசடு வழியச் சிரித்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். பகலெல்லாம் இயந்திரத்தோடு இருப்பதால் பேச்சு என்பதே மறந்துபோனவர் மாதிரி இருப்பார். அவளோ, காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"எத்தனை நாளா இந்தத் தொந்தரவு?" கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார் டாக்டரம்மா.

"கொஞ்ச நாளாத்தான்..."

"சும்மா சொல்றார் டாக்டர். ரொம்ப நாளாவே சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறார். என்கூடப் பேசணும்னா வாசப்படியில நின்னுக்கிட்டுப் பேசறார், தபால் கொடுக்க வந்தவர் மாதிரி!" சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் கைப்பையின் வாரைத் திருகத் தொடங்கினாள். "கல்யாண ஆல்பம்கூட இன்னும் கைக்கு வரல. அதுக்குள்ள அலுத்துட்டேனோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா? போன வாரம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் வாய் நாறுதாம். அதான் கிட்ட வரலையாம்."

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை, நாக்கு. மறுபடியும் மேல் வரிசை.

"பல்லெல்லாம் நல்லாத்தானே..."

"நல்லாப் பாருங்க டாக்டர், எங்கயாவது இருக்கும்," என்று குழறினார் அவர். கண்ணாடி இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. "அப்படியே இவளையும் பார்த்துடுங்க. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. என்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டிருக்கப் போகுது."

"ஒட்டறதுக்கு இது என்ன கண்வலியா? நல்ல ஆளு போங்க!" என்றாள் மனைவி. ஆனாலும் அவர் எழுந்ததும் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்து முடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. "கடைவாய் ஈறுல சாப்பாடு தங்கியிருக்கு டீச்சர். வந்ததுக்கு அதையும் சுத்தம் பண்ணிடறேன்," என்றார் டாக்டர்.

கிளம்பும்போது இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா சொல்றேன். படுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் பல் தேய்க்கணும். பல்லு மட்டும் போதாது, நாக்கையும் வழிக்கணும். முக்கால்வாசி நாத்தம் அங்கதான் குடியிருக்கு. பல்லிடுக்குல நூல் விட்டு எடுக்கணும். காலையில வெறும் வயித்தோட ஓடக் கூடாது. அப்புறம், தொடர்ந்து பேசிக்கிட்டே இருக்கறவங்களுக்கு வாய் காஞ்சுடும். அவங்க அப்பப்ப தண்ணி குடிக்கணும்."

"அது எனக்குத்தான் டாக்டர். நான் ரொம்பப் பேசுவேன்," என்றார் கணவர்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமாமா. இவர் பேச்சுத் தாங்காம அக்கம்பக்கத்துல வீடு மாத்திட்டுப் போறாங்க!"

டாக்டர் மேஜையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம் இருவரும் ஒரு பூந்தொட்டியோடு வந்தார்கள். "இனிப்பு வாங்கிட்டு வந்தா நீங்க திட்டுவீங்க. அதான் இது," என்று மேஜையில் வைத்தாள் அவள்.

டாக்டர் இருவரையும் பரிசோதித்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்பல்லாம் சுவருக்குத்தான் முதுகைக் காட்டறார் டாக்டர்!"

கணவரின் காது மடல் சிவந்தது. "எல்லாம் இவளாலதான் டாக்டர். என் பிரச்சினைக்கு இவளும் சேர்ந்து பல் தேய்ச்சா, நாக்கு வழிச்சா, பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிச்சா. வேற ஒருத்தியா இருந்தா என்னிக்கோ அம்மா வீட்டுக்குப் போயிருப்பா." அதற்கு மேல் அங்கே நிற்க வெட்கப்பட்டு, வண்டியை எடுப்பதாகச் சொல்லி வெளியே நழுவினார்.

அவர் போனதும் டாக்டர் தயங்கினார். "டீச்சர், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடணும். உங்க வீட்டுக்காரர் வாய்ல..."

"ஒண்ணுமே இல்ல. நாறினது என் வாய்தான். நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே அது எனக்குத் தெரியும் டாக்டர்," என்றாள் அவள். விளையாட்டெல்லாம் போய் அவள் கண்கள் பளபளத்தன. "எங்க பிள்ளைங்க என் வாய்கிட்ட முகத்தை வெச்சுத்தான் பேசக் கத்துக்குவாங்க. ஒரு குட்டிப் பொண்ணு அன்னிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டா. அப்பத்தான் சுவர் விஷயமும் புரிஞ்சுது. இவர் முகத்துல எப்படி முழிக்கப் போறேன்னு அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா, 'என் வாய் நாறுது, டாக்டர்கிட்ட போகணும், துணைக்கு வா'ன்னு வந்து நிக்கிறார் மனுஷன்."

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே வேண்டாம் டாக்டர். எனக்குத் தெரியாம என்னைக் காப்பாத்திட்டோம்ங்கற சந்தோஷத்துல, தினமும் ராத்திரி என் பிரஷ்லயும் அவரே பேஸ்ட் வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்கார்."