குழாயடிச் சட்டம்

"திரும்பவும் சாராதான்."

குழாயடியில் சத்தம் கேட்டதுமே பக்கத்து வீட்டுச் சம்பங்கி சொன்னான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டுக்கு ஊதும் சங்குகூட நடுவில் மூச்சு வாங்கும். சாரா வாங்கமாட்டாள்.

"இன்னிக்கு இன்னாவாம்?" என்றான் ஏசுபாதம். அவள் புருஷன். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடிக்கிற வேலை.

"குடம் இடிச்சிடுச்சாம். வெறும் குடம்ப்பா."

சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் சுவர் என்பது பேருக்குத்தான். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். அதனால் சண்டை வந்தால் விசாரணை சுலபம். குழாயடியில் யார் முதலில் வாயைத் திறந்தார்களோ, தப்பு அவர்கள் மேல். அப்புறம் அவர்கள் வீட்டில் எது உடைந்தாலும் அதுவும் அவர்கள் தலையில்தான்.

அன்று சாயங்காலம் ஏசுபாதம் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அது அவனுக்கே தெரியும்.

"பாவம், அந்த மனுசன் எவ்ளோதான் பொறுப்பான்," என்றது லைன்.

அவனும் மறுக்கவில்லை. 'நீ பாவம்' என்று நாலு பேர் சொன்னால் யாருக்குக் கசக்கும்?

"கொஞ்ச நாள் ஆம்பூர்ல அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வா. தானா வாய் அடங்கும்," என்றான் சம்பங்கி.

"ஈஸ்டர் கழியட்டும். கொண்டுபோய் விட்டுடறேன்."

ஏசுபாதத்துக்கு ஒரு ரகசியம் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்தது. ஆனால் ஆம்பளை உடம்பில் ஊறவேண்டிய ஹார்மோன் ஊறாமல் நின்றுவிட்டது. அதற்கு மாசம் ஒரு ஊசி.

பக்கத்திலேயே போட்டுக்கொண்டால் லைனுக்கே தெரிந்துவிடும். அதனால் பஸ் ஏறிக் கோலாருக்குப் போய்வருவான். சாராவிடம், "முதுகு நோவுக்கு" என்று சொல்லி வைத்திருந்தான். அவளுக்குத் தெரிந்தால் செத்தே போகலாம் என்று நினைப்பு.

அந்த மாசம் கோலார் டாக்டரிடம் மனசு விட்டுச் சொன்னான்.

"ஊசி போட்ட வாரம் யாரைப் பாத்தாலும் அடிக்கத் தோணுது சார். மாசக் கடைசில சர்ச்சுல பாட்டுப் பாடினாலே அழுவாச்சி வருது. இதுல என் சம்சாரம் வாய் வேற. ஊருக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

டாக்டர் யோசித்தார்.

"சம்பளத்தன்னிக்கு பிரியாணி, மாசக் கடைசில கஞ்சி. உன் உடம்பும் அப்படித்தான் குடும்பம் நடத்துது. மருந்து மொத்தமா ஏறி, அப்புறம் காலியாயிடுது. பாதி பாதியா, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் போட்டுப் பாப்போம். ஏத்தமும் எறக்கமும் குறையும்."

"என் சம்சாரத்துக்கு?"

"அதுக்கு ஊசி கிடையாது."

பாதி ஊசி வேலை செய்தது. தட்டு பறக்கவில்லை. சர்ச்சில் பாட்டை முழுசாகப் பாடினான். அதிசயம் என்னவென்றால், சாராவும் குழாயடியில் குடத்தை வைத்தாள், நிரப்பினாள், பேசாமல் வந்தாள். ஈஸ்டர் வந்து போனது. ஆம்பூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் ஷிப்டு முடிந்து வரும்போது சம்பங்கி சொன்னான்.

"மருந்து நல்லாத்தான் கேக்குதுப்பா."

ஏசுபாதம் சுற்றுமுற்றும் பார்த்தான். "இன்னா மருந்து?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. நீ கோலார் போய் உன் சம்சாரத்துக்கு வாங்கினு வர்றியே, கோவத்துக்கு. அதான். அவளே என் வீட்டுக்காரிகிட்ட சொன்னா. ஒருத்தருக்கும் சொல்லாதேன்னாளாம். லைன் பூரா தெரியும்."

வீட்டில் சாரா முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தான்.

"என் ஊசி எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"பொன்னுக்கு வீங்கி வந்தப்ப பத்து போட்டவளே நான்தான். எனக்கா தெரியாது?"

"உன்னை ஆம்பூருக்கு அனுப்பறதா இருந்தேன்."

"அதுவும் தெரியும். நம்ம சுவர் அப்படி."

அன்றைக்கு மாசக் கடைசி இல்லை. ஆனாலும் அவனுக்குக் கண் கலங்கியது. சாரா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"ஒண்ணு மட்டும் செய்ங்க. மறுபடி கோவம் வர்ற மாதிரி இருந்தா கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க. தட்டு பறக்கறதுக்குள்ள குழாயடியில நான் முந்தி வாயைத் திறக்கணும்."