துணைக் குளிசை

“உடம்புல ஒரு வருத்தமும் தெரியல்ல. பிறகென்னத்துக்குக் குளிசை?” கிண்ணியா மீனவன் றுவைஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஈரல்ல இருக்கிற கிருமி வெளியில தெரியாதாம். நானும் போடுறன்தானே?” மனைவி நஸ்ரியா தன் குளிசையை விழுங்கிக் காட்டினாள்.

அவனும் தன்னுடையதை எடுத்து விழுங்கினான். தனக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்த நாளில் அவன் கூனிக்குறுகிப் போயிருந்தான். அவளும் இரத்தம் சோதித்துவிட்டு வந்து, “எனக்கும் இருக்காம். என்னட்ட இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும்” என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகவே விழுங்குகிறார்கள்.

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் சிரித்தார்.

“கிருமி நல்லாக் குறைஞ்சிருக்கு. குளிசைய மட்டும் விட்டுராதீங்க.”

“நஸ்ரியாவும் விடாமப் போடுறா, டொக்டர்.”

“அவவா? அவவுக்குக் கிருமியே இல்லையே! தடுப்பூசியும் போட்டாச்சு. சத்துக் குளிசைதானே கேட்டு வாங்கினவ?”

றுவைஸ் வீடு வந்தான். குளிசை நேரத்துக்கு அவனே இரண்டு கோப்பைகளில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். தன்னுடையதை விழுங்கிவிட்டு, அவளுடையதை அவள் கையில் வைத்தான்.

“போடு புள்ள. நம்ம ரெண்டு பேருக்கும் கிருமி குறைஞ்சிருக்காம்.”