ஜீப்பிலிருந்து ஒரு பொத்தான்

1979 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை காலை. ஜமுனாமரத்தூரில் பாஞ்சாலையின் டீக்கடையில் தம்மைக் கேலி பேசுகிறார்கள் என்று ஐயுற்ற வன அதிகாரி, கடையை அகற்றுவதா என்று முடிவுசெய்ய, சற்றுத் தொலைவில் ஜீப்பில் அமர்ந்திருந்தார். சந்தனக் கடத்தல்காரரைப் பிடிக்க வந்த ஒட்டுக்கேட்கும் கருவியை, கடைப் பலகையின் அடியில் ஒளித்து வைத்திருந்தார். பேட்டரி வீணாகாதபடி, ஜீப்பிலிருந்தே பொத்தானால் அதை இயக்கலாம், நிறுத்தலாம்.

அழுத்தினார். கடை ரேடியோ கொரகொரத்தது. மலையில் அது இயல்புதான்.

“நம்ம ஆபீசரு தங்கமான மனுசன், மாமா!” என்றாள் பாஞ்சாலை.

“மீசையே ஒரு அழகும்மா!” என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த தீர்த்தகிரி.

நெகிழ்ந்துபோன அதிகாரி கருவியை நிறுத்தினார். அந்த நொடியே ரேடியோவின் கொரகொரப்பும் நின்று, பாட்டு தெளிந்தது.

“மெஷினு தூங்கிட்ச்சு, மாமா. பூனமீச கதைய வுட்ட எடத்துலேர்ந்து சொல்லு!” என்றாள் பாஞ்சாலை.

கடையை அகற்றுவதில்லை என்றும், செவ்வாய்தோறும் கேட்பது என்றும் அன்று மாலை அதிகாரி முடிவுசெய்தார்.