விட்ட இடத்திலிருந்து

தில்லைநாதனுக்குக் கண்பார்வை போனபின், பின்னேரங்களில் மனைவி இராசமலர் நாவல் வாசித்துக் காட்டினாள். பருத்தித்துறைக் கடற்காற்றில் அவர் பாதி உறக்கமாய்க் கேட்டுக்கொண்டிருப்பார்.

“விட்ட இடத்திலையிருந்து வாசியும்.”

“அவள் ஒளித்து ஒளித்து எழுதிய கதைக் கொப்பியை அவன் பறித்தான். ‘குடும்பப் பொம்பிளைக்கு உந்த வேலை என்னத்துக்கு?’ என்று அடுப்பில் போட்டான். அந்த நெருப்பிலேயே அவள் உலை வைத்தாள்.”

தில்லைநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உவனும் ஒரு மனிசனே! அவள் ஏன் விட்டிட்டுப் போகேல்லை?”

“பிள்ளையள் சின்னன். அதோடை, அவனிலை விருப்பமும் இருந்திருக்கும்.”

“ஆர் எழுதினது?”

“பேர் தெரியாத ஒருத்தி.”

“மனசறிஞ்சு எழுதியிருக்கிறா. பிறகு?”

இராசமலர் தாளைப் புரட்டினாள். அவள் குரல் காற்றோடு சேர்ந்து தாழ்ந்தது.

“நாற்பது வருடம் போனது. பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். அவனுக்குப் பார்வை போனது. ‘ஒரு நாவல் வாசியும்’ என்று கேட்டான். அவள் புதுக் கொப்பியில் எழுதி எழுதி, நாவல் என்று சொல்லி அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.”

தில்லைநாதன் மெல்லக் கையை நீட்டினார். இராசமலர் சட்டென்று கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“தொட்டுப் பாக்கத்தான், மலர்,” என்றார்.