துணிக்கொடி

அணுசக்தியில் ஓடும் அந்த ஏவுகணை நீர்மூழ்கி முதன்முதலாக மூழ்கியபோது, மாலுமி ரெமிஜியுஸ்தான் அதன் இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினான். ஆழம் கூடக் கூடக் கடல் கப்பலை நெருக்கியது, நூல் தொய்ந்தது. மேலே வந்ததும் பழையபடி விறைத்துக்கொண்டது. எத்தனை வருடம் பார்த்தும் அவனுக்கு அது அலுக்கவே இல்லை. எங்கே போனோம், எப்போது மூழ்கினோம் என்று மட்டும் வீட்டில் மூச்சுவிடக் கூடாது. அவனும் விடவில்லை.

கடைசியில் கொடியை இறக்கிக் கப்பலுக்கு ஓய்வு கொடுத்து, கப்பலை உடைத்தும் போட்டார்கள். ரெமிஜியுஸும் ஓய்வுபெற்று வீடு வந்து சேர்ந்தான். இனிமேல் சொன்னால் என்ன என்று நூலின் கதையை மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னான். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"நம்ம வீட்டுத் துணிக்கொடியும் அப்படித்தான். நீங்க போன பெறவு ஒருநாள் தானாத் தொங்கும். நீங்க வாறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன தானா இறுகிக்கிடும். அத வச்சித்தான் சீலா மீனுக்குச் சொல்லி வைப்பேன்."

அவன் சிரித்துக்கொண்டே, கூடத்தின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஓடிய கொடியைத் தொடக் கையை நீட்டினான். ஒரு துணிகூடக் கிடக்காத கொடி, விரல் படும் முன்பே மெல்லத் தாழ்ந்தது.

"கப்பலத்தான் ஒடச்சாச்சே. நீங்களும் இங்கதான இருக்கிய?" என்றாள் ஜெசிந்தா. "அப்ப இப்ப முங்குறது யாரு?"

ரெமிஜியுஸ் கொடியையும் சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினான்.