மூத்த மாணவரைப் பேட்டி காண்க

எண்ணெய் ஆலைக்குக் கடலை மூட்டை இழுத்த மாடுகளுக்கு ஒரு நரி வகுப்பு எடுத்தது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். தேறினால் வண்டி இழுக்க வேண்டாம்; ஆலைக்குள்ளேயே நிரந்தரப் பதவி.

கடைசிப் பாடம் ஆய்வு. "முன்பு தேறிய ஒருவரைப் பேட்டி கண்டு, உன் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுது" என்றது நரி.

மற்ற மாடுகள் யாரையும் கேட்காமலே எழுதி முடித்தன. மயிலைக் காளை மட்டும், போன வருடம் முதலாவதாகத் தேறிய செவலையைத் தேடி ஆலைக்குள் நுழைந்தது.

உள்ளே ஒரு மாடுகூட இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"செவலை அண்ணே! எங்கே இருக்கீங்க?"

"இங்கேதான் தம்பி. சக்கரத்தைப் பாரு" என்றது, சக்கரத்தைச் சுற்றி ஓடிய தோல் பட்டை.

மயிலை அந்தத் தோலின் செந்நிறத்தை உற்றுப் பார்த்தது. "அண்ணே, இதுவா பதவி?"

"நிரந்தரம்னு சொன்னாங்களே, அது பொய்யில்லை. நானும் யாரையும் கேட்காமத்தான் திட்டம் எழுதினேன்டா."

மயிலை தன் தாளை அங்கேயே மென்று விழுங்கியது. வகுப்புக்கு ஓடி, நரியின் கண்ணெதிரே கதவைக் கொம்பால் பெயர்த்தது.

"எல்லாரும் எழுந்து வாங்க! செவலை அண்ணனைப் பார்த்துட்டு வரலாம்."