உள்ளே போன விமர்சகர்

வாடகை நூலகத்து அலமாரியில் வாழ்ந்த வெள்ளி நிறப் புத்தகப்பூச்சிக்குச் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்றாலே இளக்காரம்.

"ஜட்டியை வெளியே போட்டுக்கிட்டுப் பறக்கிறானாம். இதெல்லாம் ஒரு கதையா?" என்று கரப்பானிடம் பொரிந்து தள்ளியது.

"எத்தனை படிச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"படிக்க வேற செய்யணுமா? அட்டைப் பசையை நக்கினாலே தெரிஞ்சுடும்."

அப்போது மேலிருந்து ஒரு பல்லி பாய்ந்தது. கரப்பான் இடுக்கில் ஒளிந்தது. அலறியடித்து ஓடிய பூச்சி, விரிந்து கிடந்த ஒரு காமிக்ஸில் விழுந்து, நாயகனின் வெள்ளிச் சட்டைமேல் மூச்சு விடாமல் ஒட்டிக்கொண்டது. சட்டை எது, பூச்சி எது என்று தெரியாமல் பல்லி திரும்பிப் போனது.

"பிழைச்சீங்களா அண்ணாச்சி?" என்று கரப்பான் எட்டிப் பார்த்தது.

பூச்சி மீசையை முறுக்கிக்கொண்டது.

"உள்ளேயும் போய்ப் பார்த்துட்டேன். கடைசி நொடியில வந்து காப்பாத்துறானாம். நம்புற மாதிரியா இருக்கு?"